ஆறு கம்ப்யூட்டர், ஆறு மணி

04.03.2024, மாலை 6.50. கேள்வி
(மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் தம்பி அனுப்பியது. அப்படியே போடுகிறேன்.)

அண்ணே, எங்க கடையில மொத்தம் ஆறு கம்ப்யூட்டர். மூணு பில் கவுண்டர், குடோன்ல ஒண்ணு, என் மேஜைல ஒண்ணு, முதலாளி ரூம்ல சர்வர்னு சொல்ற ஒண்ணு. ஆறும் ஒரே நெட்வொர்க் சுவிட்ச்லதான் மாட்டியிருக்கு. ஆனா ஆறுலயும் ஆறு மணி. நேத்து பில் 1187 சாயங்காலம் 6.10னு அடிச்சிருக்கு, அடுத்த பில் 1188 6.03னு அடிச்சிருக்கு. ஆடிட்டர் ஆபீஸ்ல சிரிக்கிறாங்க. மாசம் ஒரு தடவை நானே ஒவ்வொண்ணா உக்காந்து மணியைத் திருத்துறேன். ஒரே நெட்வொர்க்ல இருந்தா தானா ஒண்ணாயிடாதா?

04.03.2024, இரவு 9.20

ஆகாது. நிறையப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேபிள் மாட்டினால் ஃபைல் போகும், பிரிண்ட் போகும், நேரம் தானாகப் போகாது. யாராவது ஒருவர் கேட்க வேண்டும், யாராவது ஒருவர் சொல்ல வேண்டும்.

உங்கள் விஷயத்தில் பேட்டரிதான். மதர்போர்டில் எட்டணாக் காசு மாதிரி ஒன்று இருக்கும், சிஆர் 2032, மூன்று வோல்ட். ஆறையும் மாற்றுங்கள். டவுன்ஹால் ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். வேலை முடிந்தது.

05.03.2024, காலை 8.05

நேற்று இரவு எழுதியதைக் காலையில் படித்தால் ஜோசியக்காரன் சொன்ன மாதிரி இருக்கிறது. பார்க்காமலே பேட்டரி என்று சொல்லிவிட்டேன். பேட்டரி செத்தால் மணி சில நிமிடம் முன்னே பின்னே போகாது. மெயினை அணைத்துப் போட்டதும் தேதியே பல வருடம் பின்னால் ஓடிவிடும். ஏழு நிமிட வித்தியாசம் வேறு வியாதி. பேட்டரி வாங்கிவிடவில்லையே?

05.03.2024, பகல் 1.30

வாங்கிவிட்டாராம். ஆறையும் மாற்றியும்விட்டாராம். சரி, பேட்டரிக் காசு என் கணக்கில்.

07.03.2024, இரவு 8.30

கடைக்கே போய்ப் பார்த்தேன். சிம்மக்கல்லில் இருந்து நடந்தால் கொஞ்ச தூரம்தான், ஆனால் மாசி வீதியில் சாயங்காலம் ஏழு மணிக்கு நடப்பதை நடை என்று சொல்ல முடியாது, நீந்திக்கொண்டு போனேன்.

கையில் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு திரையாகப் பார்த்தேன். சர்வர் 3 நிமிடம் 40 நொடி பின்னால். ஒன்றாம் கவுண்டர் ஒரு நிமிடம் பின்னால். இரண்டாம் கவுண்டர் 6 நிமிடம் முன்னால் (1187ஆம் பில் போட்ட மகராசன் இவன்தான்). மூன்றாவது இரண்டு நிமிடம் பின்னால். தம்பியின் மேஜை மட்டும் சரியாக இருந்தது, ஏனென்றால் அவர் அன்று காலையில்தான் கையால் திருத்தியிருக்கிறார். குடோன் மெஷின் 01.01.2015 என்று காட்டியது.

பிறகு ஒவ்வொன்றிலும் கறுப்புத் திரையைத் திறந்து, டபிள்யூ32டிஎம் கட்டளையில் உனக்கு நேரம் யார் சொன்னது என்று கேட்டேன். இரண்டு மெஷின் "லோக்கல் சிமாஸ் கிளாக்" என்றன. அதாவது யாரும் சொல்லவில்லை, நானே எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். மற்ற நான்கும் இன்னும் மோசம்: சர்வீஸே ஓடவில்லை என்று பதில் வந்தது. டொமைன் (எல்லா மெஷினையும் ஓர் இடத்திலிருந்து ஆளும் ஏற்பாடு) இல்லாத, வெறும் ஒர்க்குரூப் விண்டோஸில் டைம் சர்வீஸ் எப்போதும் விழித்திருக்காது. தேவைப்படும்போது எழுந்து, கேட்டுவிட்டு, படுத்துக்கொள்ளும். பழைய விண்டோஸில் அந்தத் தேவை 6,04,800 நொடிக்கு ஒரு தடவை, அதாவது வாரம் ஒரு முறை. அந்த நேரம் பார்த்து மெயின் அணைந்திருந்தால் அடுத்த வாரம்.

சரி, வாரம் ஒரு முறையாவது கேட்டிருக்குமே, ஏன் கேட்கவில்லை? அதற்குப் பதில் முதலாளியிடம் இருந்தது. பையன்கள் பில் போடாமல் யூடியூப் பார்க்கிறார்கள் என்று மூன்று கவுண்டருக்கும் குடோனுக்கும் ரூட்டரிலேயே நெட்டை அடைத்து வைத்திருக்கிறார். விண்டோஸ் வாராவாரம் மைக்ரோசாஃப்டின் நேர சர்வரைக் கூப்பிட்டுப் பார்த்து, ஆளில்லாமல் திரும்பி வந்திருக்கிறது. அடைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறதாம்.

07.03.2024, மாலை 5.12

முதலாளியிடம் யுடிபி 123 என்ற ஒரு கதவை மட்டும் திறந்தால் போதும் என்றேன். அதன் வழியாக நேரத்தைத் தவிர வேறெதுவும் வராது, யூடியூப் வராது என்று அடித்துச் சொன்னேன். "இன்னைக்கு மணி வரும், நாளைக்கு அதே சந்துல படம் வரும்" என்றார். இதற்கு மேல் பேச்சில்லை. அதனால் சர்வர் மெஷினையே கடைக்கு மணிக்கூண்டாக்கப் போகிறேன். அதற்கு நெட் இருக்கிறது. அது வெளியே கேட்கட்டும், மற்ற ஐந்தும் அதனிடம் கேட்கட்டும்.

08.03.2024, காலை 7.40

மேலே என் குறிப்பு இரண்டும் வரிசை மாறிக் கிடக்கிறதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை, வரிசை சரி, மணிதான் தப்பு. நேர ஒத்திசைவைப் பற்றி எழுதுகிறவனின் லேப்டாப் அப்படி.

நான் நோட்பேடில் எழுதி எஃப் 5 தட்டுவேன், தேதியும் மணியும் தானே விழும். இரண்டாவது குறிப்பு எழுதியது இரவு 10.42க்கு. விழுந்தது 5.12. வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். இந்த ஐந்தரையைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிட வேண்டும். என் லேப்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸும் இருக்கிறது, விண்டோஸும் இருக்கிறது. லினக்ஸ் மதர்போர்டுக் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும். விண்டோஸ் அதே கடிகாரத்தைப் படித்து அதுதான் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நேற்று உபுண்டுவில் இருந்துவிட்டு விண்டோஸுக்கு வந்தேன். ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம்) "ரியல் டைம் ஈஸ் யுனிவர்சல்" என்று ஒரு மதிப்பை உண்டாக்கி 1 வைத்தால் சண்டை தீரும். ஊருக்கு உபதேசம் செய்யும் முன் அதைச் செய்திருக்கலாம். இப்போது செய்துவிட்டேன்.

வித்தியாசத்தின் அளவை வைத்தே வியாதியைச் சொல்லலாம் என்பது இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே வித்தை. ஐந்தரை மணி என்றால் உலக நேரம், உள்ளூர் நேரம் குழப்பம். இரண்டரை மணி என்றால் சீனாவின் நேர மண்டலம். பல வருடம் என்றால் பேட்டரி. சில நிமிடம் என்றால் யாரும் பல நாளாகக் கேட்கவில்லை.

13.03.2024, இரவு 10.15

நேற்றும் இன்றும் இரண்டு சாயங்காலம் போயிற்று. செய்தது:

சர்வர் மெஷினில் ரிஜிஸ்ட்ரிக்குள் டபிள்யூ32டைம் பகுதிக்குப் போய், என்டிபி சர்வர் என்பதில் எனேபிள்ட் 1 ஆக்கினேன் (என்டிபி என்பது கம்ப்யூட்டர்கள் ஒன்றிடம் ஒன்று நேரம் கேட்டுக்கொள்ளும் முறை). அனவுன்ஸ் ஃபிளாக்ஸ் என்பதை 5 ஆக்கினேன். 5 என்றால் "நான் நம்பகமான நேர சர்வர்" என்று அது அறிவித்துக்கொள்ளும். சர்வீஸை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். மற்ற மெஷின்களுக்கு ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஃபைல்) எழுதி, சர்வரின் ஐபி முகவரியைக் கொடுத்து, பென்டிரைவில் போட்டு ஒவ்வொன்றிலும் ஓட்டினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. நேரத் தகவல் கிடைக்கவில்லை, அதனால் ஒத்திசைக்கவில்லை என்று ஒவ்வொரு மெஷினும் கைவிரித்தது. ஐபி பிங் ஆகிறது (கூப்பிட்டால் பதில் வருகிறது), பகிர்ந்த ஃபோல்டர் திறக்கிறது, நேரம் மட்டும் வரவில்லை. சர்வரின் ஃபயர்வாலில் (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவல்) 123க்கு வழிவிடும் விதி போட்டிருந்தேன். முக்கால் மணி நேரம் போன பிறகுதான் கண்ணில் பட்டது: விதி பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும், ஆனால் சர்வரில் அந்த நெட்வொர்க் பப்ளிக் என்று இருந்தது. ரூட்டர் மாற்றிய அன்று விண்டோஸ் கேட்டிருக்கும், யாரோ பார்க்காமல் தட்டியிருக்கிறார்கள். பிரைவேட் ஆக்கியதும் கவுண்டர்கள் வரிசையாகச் சேர்ந்துகொண்டன. என்னோடு நின்ற பையன் கை தட்டினான். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

குடோன் மட்டும் வரவில்லை. மாற்ற வேண்டிய நேரம் மிகப் பெரியது என்றது. விண்டோஸ் சும்மா யார் சொன்னாலும் கேட்டுக்கொள்ளாது. 54,000 நொடிக்கு, அதாவது 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருத்த மறுத்துவிடும். அது நியாயம்தான். 2015இல் இருக்கிறவனிடம் போய் இது 2024 என்றால் அவன்தான் என்ன செய்வான்? கையால் தேதியைக் கிட்டத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி கேட்கச் சொன்னேன், கேட்டுக்கொண்டது.

புது பேட்டரி போட்டும் அது ஏன் 2015க்குப் போனது? கழற்றி மீட்டரில் வைத்தேன், 2.4 வோல்ட். புதிது மூன்றுக்கு மேல் காட்ட வேண்டும். அட்டையில் இருக்கும்போதே செத்த பேட்டரி. என் பையிலிருந்து வேறு போட்டேன். ஆறில் ஒன்று பேட்டரிதான் என்பதை இங்கே பணிவுடன் பதிவு செய்கிறேன்.

14.03.2024, பகல் 2.10

மேலூர் நண்பர் ஒருவர், சர்வர் சரியான நேரத்தில் இருக்கிறதா என்று பார்த்தீர்களா என்று கேட்கிறார். கடைக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி. ஆறும் ஒன்றுபோல் இருந்தால் பில் வரிசை சரியாக வரும், ஆடிட்டர் சிரிக்க மாட்டார். டெல்லியோடு ஒத்துப்போய் என்ன ஆகப்போகிறது? சேலை விற்கிற கடை, ராக்கெட் விடுகிற இடமில்லை.

19.03.2024, இரவு 9.55

ஒரு திருத்தம். பேட்ச் ஃபைலில் சர்வர் ஐபிக்குப் பின்னால் கமா போட்டு ஒரு எண் கொடுத்திருந்தேன், 8. அதை 9 ஆக்குங்கள். 8 மட்டும் என்றால் எப்போது கேட்பது என்பதை விண்டோஸ் தானே முடிவு செய்யும். 9 என்றால் நாம் சொல்லும் இடைவெளியில் கேட்கும். ஸ்பெஷல் போல் இன்டர்வல் என்பதில் 3,600 வைத்தேன், மணிக்கு ஒரு தடவை. தினமும் இரவு மெயினை அணைக்கிற கடைக்கு வாரம் ஒரு தடவை என்பது ஆகாது.

சர்வீஸ் தானே நின்றுபோவது பற்றி: ஆட்டோமேட்டிக் என்று வைத்தாலும் சில மெஷினில் படுத்துவிடுகிறது. அதன் ட்ரிக்கரை (எப்போது எழுவது, எப்போது படுப்பது என்ற விதியை) அழித்தால்தான் நிற்கிறது. இல்லை, "நிற்கிறது" என்றால் நின்றுபோகிறது என்று படித்துவிடப் போகிறீர்கள். ஓடிக்கொண்டே இருக்கிறது.

20.03.2024, இரவு 11.05

இது எப்படி வேலை செய்கிறது என்று பையன் கேட்டான். மேலே போய் முதலாளி அறைக் கடிகாரத்தில் மணி பார்த்து வா என்று நான் உன்னை அனுப்புகிறேன் என்று வை. நீ கிளம்பும்போது என் மணியைக் குறித்துக்கொள்கிறேன். நீ மேலே சேர்ந்த மணியும், அங்கிருந்து கிளம்பிய மணியும் மேலே குறிக்கிறார்கள். நீ திரும்பி வந்ததும் மறுபடி என் மணி. நான்கு எண். போய்வர நான்கு நிமிடம் என்றால், போக இரண்டு, வர இரண்டு என்று பாதியாகப் பிரித்து என் மணியைத் திருத்திக்கொள்கிறேன். "அண்ணே, ஏற அதிக நேரம், இறங்கக் கொஞ்ச நேரம்தானே ஆகும்?" என்றான். அதேதான். என்டிபியின் பலவீனம் அந்த மாடிப்படிதான். இவன் பில் கவுண்டரில் இருக்க வேண்டிய ஆளில்லை.

மூன்றாம் கவுண்டர் வைஃபையில் இருக்கிறது. ஸ்ட்ரிப்சார்ட் (நேர வித்தியாசத்தை விடாமல் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தால் 30, 40 மில்லிநொடி ஆடுகிறது, கேபிள்காரர்கள் அசையாமல் இருக்கிறார்கள். சேலைக் கடைக்கு இது போதும்.

இந்த நான்கு எண் வித்தையை வகுத்துக் கொடுத்தவர் டெலாவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ். 1985இல் முதல் வடிவம் வந்தது. இந்த ஜனவரி 17ஆம் தேதிதான் இறந்தார், 85 வயது. நம் போன், ஏடிஎம், ரயில் டிக்கெட் எல்லாம் அவர் போட்ட தடத்தில்தான் ஓடுகின்றன. பையனுக்கு இதைச் சொன்னபோது, "அவர் வாட்ச் கட்டியிருந்தாராண்ணே?" என்றான். தெரியவில்லை.

02.04.2024, இரவு 11.40

மேலூர் நண்பரே, மன்னிக்கவும். மார்ச் 14 குறிப்பை வாபஸ் வாங்குகிறேன்.

மார்ச் 30 சனிக்கிழமை, கடையில் கூட்டம். இரவு கணக்கு முடிக்கும்போது ஒன்றாம் கவுண்டர் பெட்டியில் 1,480 ரூபாய் குறைந்தது. ரொக்க பில்களைப் புரட்டியதில் 3,480 ரூபாய் பில் ஒன்றின் மேல் சந்தேகம் வந்திருக்கிறது, மணி 7.42. உடனே கேமரா பெட்டியில் 7.42ஐப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கல்லாவில் உட்கார்ந்திருந்தது உசிலம்பட்டியிலிருந்து வந்து போகும் ஒரு பெண். ஆனால் படத்தில் அந்த நிமிடம் யாரும் பணம் கொடுக்கவே இல்லை. அவள் சேலை மடித்துக்கொண்டிருக்கிறாள். பில் இருக்கிறது, பணம் வாங்கிய படம் இல்லை, பெட்டியில் பணம் குறைகிறது. வேறென்ன வேண்டும்? இரண்டு நாள் அவளை நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார்கள். சம்பளத்தில் பிடிப்பதாகப் பேச்சு.

இன்று தம்பி எனக்கு போன் செய்தது கூட இதற்காக இல்லை. வருகை பதியும் பஞ்ச் மெஷினைப் பற்றிக் கேட்கத்தான். பேச்சுவாக்கில் இதைச் சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கேமரா பெட்டியின் மணியை நான் பார்க்கவே இல்லை. கம்ப்யூட்டர் ஆறு என்றார், ஆறைப் பார்த்தேன்.

போனேன். கேமரா பெட்டி 9 நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. சர்வரும் மற்ற ஐந்தும் அழகாக ஒன்றுபோல், 4 நிமிடம் பின்னால். ஆக பில்லுக்கும் படத்துக்கும் நடுவில் 13 நிமிடம். பில்லில் 7.42 என்றால் படத்தில் 7.55ஐப் பார்க்க வேண்டும்.

7.55ஐப் போட்டோம். கல்லாவில் அந்தப் பெண் இல்லை, டீ குடிக்கப் போயிருக்கிறாள். உட்கார்ந்திருப்பது முதலாளியின் தங்கை மகன். எதிரே ஒரு அம்மா, நான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை எண்ணி வைக்கிறார். பிறகு பையிலிருந்து போனை எடுத்து, கல்லா மேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையைப் படம் பிடிக்கிறார். தம்பி முதலாளியின் போனை வாங்கிப் பார்த்தார்: 30ஆம் தேதி, மாலை 7.46, ரூ. 1,480 வரவு. பாதி ரொக்கம், பாதி யுபிஐ. மருமகன் மொத்தத்தையும் ரொக்கம் என்று அடித்துவிட்டான். பணம் எங்கேயும் போகவில்லை, பேங்கில் இருக்கிறது.

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. முதலாளி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "சரி சரி, போய் வேலையைப் பாரு" என்றார். அவ்வளவுதான். அவள் என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். நான் அவளுக்கு நல்லது செய்தவன் என்று நினைத்திருப்பாள் போல.

03.04.2024, காலை 6.30

தூக்கம் வரவில்லை. சர்வருக்கு நெட் இருக்கிறதே, அது எப்படி 4 நிமிடம் பின்னால் போயிற்று? மார்ச் 7 அன்றே 3 நிமிடம் 40 நொடி பின்னால் இருந்தது. 13ஆம் தேதி ஆறும் ஒன்றானதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, போனோடு ஒப்பிடாமல் வந்துவிட்டேன். கை தட்டல் காதில் இருந்தது.

03.04.2024, பகல் 12.20

காரணம் கிடைத்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இதைப் படிக்கிற ஒருவராவது இதைச் செய்வார் என்பதால் சொல்கிறேன். அந்தப் பேட்ச் ஃபைலைப் பென்டிரைவில் போட்டு எல்லா மெஷினிலும் ஓட்டினேன் அல்லவா? சர்வரிலும் ஓட்டியிருக்கிறேன். சர்வர் தன்னிடமே மணி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பதில் இல்லாததால் தன் மதர்போர்டுக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டது. அனவுன்ஸ் ஃபிளாக்ஸ் 5 என்று வைத்திருந்ததால், வெளியே யாரிடமும் கேட்காமலே, நான் நம்பகமானவன் என்று மற்ற ஐந்துக்கும் அடித்துச் சொல்லியிருக்கிறது. ஐந்தும் நம்பின.

இப்போது சர்வரில் வெளி முகவரிகள் கொடுத்திருக்கிறேன். டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம்தான் இந்திய நேரத்தைக் காக்கிறது, அதன் நேர சர்வர் ஒன்று. மத்திய அரசின் கணினி நிறுவனமான என்ஐசியின் சமய் 1, சமய் 2 இரண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவிலும் இந்த இரண்டு நிறுவனங்களின் சர்வர்களோடு, அல்லது அவற்றை ஒட்டி ஓடும் சர்வர்களோடு ஒத்துவைக்கச் சொல்லியிருக்கிறது. அனவுன்ஸ் ஃபிளாக்ஸைப் பழையபடி 10க்குத் திருப்பினேன். அப்படி வைத்தால், வெளியே நேரம் கிடைத்திருந்தால்தான் சர்வர் மற்றவர்களுக்குச் சொல்லும். கிடைக்காவிட்டால் வாயை மூடிக்கொள்ளும், அவரவர் கடிகாரத்தில் அவரவர் ஓடுவார்கள். அது எவ்வளவோ மேல்.

ஒன்றுபோல் இருந்தால் போதும் என்று நான் சொன்னது எங்கே உதைக்கிறது என்றால், கடைக்குள் இருக்கும் கடிகாரங்கள் மட்டுமே நம் சாட்சி இல்லை. அந்த அம்மாவின் போனும் பேங்கின் குறுஞ்செய்தியும் நம் சர்வரிடம் மணி கேட்பதில்லை.

04.04.2024, இரவு 8.45

கேமரா பெட்டிக் கதை தனி. வாங்கி மாட்டியபோது அதன் நேர மண்டலம் சீனாவுக்கு, அதாவது எட்டு மணி நேரத்துக்கு வைத்தபடியே இருந்திருக்கிறது. இரண்டரை மணி முன்னால் காட்டியது. மாட்டியவர் மண்டலத்தை மாற்றாமல் மணியை மட்டும் கையால் இரண்டரை மணி குறைத்திருக்கிறார். மறுநாள் என்டிபி வந்து மறுபடி இரண்டரை ஏற்றிவிட்டது. மறுபடி குறைத்தார். மூன்றாம் நாள் தொந்தரவே வேண்டாம் என்று என்டிபி டிக்கை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து பெட்டி தன் இஷ்டத்துக்கு ஓடி 9 நிமிடம் சேர்த்துவிட்டது.

மண்டலத்தை ஐந்தரைக்கு மாற்றி, என்டிபிக்கு நம் சர்வரின் ஐபியைக் கொடுத்து, டிக் போட்டேன். ஆனால் அதற்கு முன் ஒரு காரியம் செய்தேன், இதை யாரும் விட்டுவிடாதீர்கள்: கேமரா திரைக்குப் பக்கத்தில் போனைப் பிடித்து இரண்டு மணியும் தெரிய ஒரு போட்டோ. திருத்திய பிறகு பழைய பதிவுகளின் மணி மாறாது, 9 நிமிடம் முன்னாலேயேதான் நிற்கும். நாளைக்கு போலீஸ் வந்து மார்ச் மாதப் படம் கேட்டால் எவ்வளவு கழிப்பது என்பதற்கு அந்த போட்டோ மட்டும்தான் இருக்கிறது.

இந்த வேலையில் என் பழைய பாவம் ஒன்றும் உண்டு. சில வருடத்துக்கு முன் வாடிப்பட்டி பக்கம் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் இரண்டு மெஷின். எந்த ஃபைல் புதிதோ அது பழையதன் மேல் விழட்டும் என்று இரவுக் காப்பி எழுதிக் கொடுத்தேன். ஒரு மெஷினின் தேதி ஒரு நாள் முன்னால் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கல்யாண ஆல்பத்தை ஒரு மெஷினில் நாள் முழுக்க உட்கார்ந்து திருத்தினார்கள். அன்று இரவு, நாளைய தேதி போட்ட பழைய ஃபைல் வந்து அதன் மேல் உட்கார்ந்தது. அந்த ஸ்டூடியோக்காரர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

18.04.2024, பகல் 3.15

கேள்வி: மதுரை வெயிலில் கடிகாரம் ஓடாது, அதனால்தான் பின்தங்குகிறது என்று ஒருவர் சொல்கிறார்.

நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், அந்தக் குடோன் தகரக் கொட்டகை வேறு. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மதர்போர்டுக் கடிகாரத்தின் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிரும். 25 டிகிரியில் அது சரியாக ஓடும்படி செய்திருக்கிறார்கள். சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும். 40 டிகிரியில் பத்து லட்சத்தில் ஏழெட்டுப் பங்கு குறையும், அதாவது நாளுக்கு முக்கால் நொடிகூட இல்லை. மாதம் 20 நொடி. படிகத்தின் பிறவிக் குணமே நாளுக்கு ஒன்றே முக்கால் நொடி வரை முன்பின் இருக்கலாம், அதை விட வெயில் பெரிதில்லை. வெயிலைத் திட்டுவது நம் வழக்கம், ஆனால் இதில் அது நிரபராதி.

25.04.2024, இரவு 9.30

அழகர் ஆற்றில் இறங்கியது 23ஆம் தேதி. கடை மூன்று நாள் பேயாட்டம், யாரும் மணி பார்க்கவில்லை. நானும்தான். கோரிப்பாளையத்தில் நசுங்கிவிட்டு வந்தேன்.

கூட்டத்தில் நின்றபோது மேலூர் நண்பரை நேரில் பார்த்தேன். ஆள் என்னைவிடச் சின்னவர், பஞ்சாங்கம் பார்க்கிறவர். அவர் ஒரு கணக்குச் சொன்னார். இந்திய நேரம் கிழக்கே 82.5 பாகையில் வைத்துக் கணக்கிடுவது. மதுரை இருப்பது சுமார் 78.1 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆக மதுரை வெயிலின் சொந்த மணி நம் கடிகாரத்துக்குப் பதினேழு பதினெட்டு நிமிடம் பின்னால். "உங்க சர்வர் நாலு நிமிஷம்தான் பின்னால போச்சு, சூரியன் அதுக்கும் பின்னாலண்ணே" என்றார். 1906 ஜனவரி 1 அன்றுதான் இந்த இந்திய நேரமே வந்தது. அதற்கு முன் இருந்திருந்தால் முதலாளிக்கு நான் வேறு கதை சொல்லித் தப்பித்திருப்பேன்.

எங்கள் அப்பா காலை 7.15 வானொலிச் செய்திக்குச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். செய்தி ஆரம்பித்ததும் விடுவார். அவரும் ஒரு நேர சர்வரிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அதே வானொலியை ஆப்பில் கேட்டால் சில நொடி தாமதமாக வருகிறது, அதை வைத்துத் திருத்தாதீர்கள்.

09.05.2024, இரவு 10.00

அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்துவிட்டது, கடையில் எனக்கு வரவேற்பும் அதே சூடு.

பஞ்ச் மெஷினுக்குச் சொந்தமாக நேரம் கேட்கத் தெரியாது. வருகைப் பதிவை இறக்கும்போது தம்பியின் கம்ப்யூட்டர் தன் மணியை அதற்கு ஊட்டிவிடும். மார்ச்சில் ஐந்தையும் சர்வரோடு கட்டியதிலிருந்து அதுவும் 4 நிமிடம் பின்னால் ஓடியிருக்கிறது. 9.34க்கு வந்தவனுக்கும் 9.30 விழுந்திருக்கிறது. ஏப்ரல் 3 அன்று நான் எல்லாவற்றையும் திருத்தினேன். ஏப்ரல் சம்பளத்தில் பதினோரு பேருக்குத் தாமதம் பிடித்தம். மாடிப்படிக் கணக்கைப் பிடித்த அந்தப் பையன் உள்பட. "என்னண்ணே, இப்படிப் பண்ணிட்டீங்க" என்கிறான். உசிலம்பட்டிப் பெண்ணுக்கு மட்டும் பிடித்தம் இல்லை, அவள் எப்போதும் 9.20க்கே வந்துவிடுகிறாளாம், பஸ் அப்படி.

முதலாளியிடம் பேசி ஏப்ரல் பிடித்தத்தைத் திருப்பச் சொன்னேன். பாதி திருப்பினார்.

03.06.2024, காலை 9.10

இரண்டு மாதக் கணக்கு: ஆறு மெஷினும் போனோடு பார்த்தால் ஒரு நொடிக்குள். கேமரா பெட்டியும் அப்படியே. சர்வர் ஒருநாள் மட்டும் காலையில் நேரம் கிடைக்காமல் தவித்தது. ரூட்டர் மெயினோடு அணைந்து, சர்வர் எழுந்த பிறகு மெதுவாக எழுந்திருக்கிறது. ரூட்டருக்குத் தனியாக ஒரு சின்ன யுபிஎஸ் வைத்தாயிற்று.

தம்பி, நேற்றுக் கேட்டதற்கு: ஆமாம், கேமரா பெட்டியில் டிஎஸ்டி என்று ஒரு டிக் இருக்கும், அது விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள், நம் ஊரில் கோடைக்காலத்துக்கு மணியை மாற்றுகிற வழக்கம் இல்லை. குடோன் மெஷின் மறுபடி 2015 காட்டுகிறது என்றால் அதன் பேட்டரி உட்காரும் கிளிப்தான் தளர்ந்திருக்கும். அணைக்காமல் வையுங்கள், வியாழக்கிழமை மீட்டரோடு வருகிறேன்.